படத்தில் விழாத கை

"மூச்சை உள்ள இழுங்க சார்."

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா திரும்பி வராது."

தையல்காரர் விடவில்லை. பொத்தானைப் பிடித்துத் துளையின் பக்கமாக நகர்த்திப் பார்த்தார். இரண்டும் சம்பந்தம் பேசி முடியாத இரு வீட்டார்போல எதிரெதிரே நின்றன. நடுவில் நூலகரின் வயிறு, கல்யாணத்தைக் கெடுக்க வந்த பங்காளி மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"நான் ஒரு நூல்கூடப் பிசகல சார். நீங்க குடுத்த அளவுக்குத்தான் வெட்டினேன்" என்றார் தையல்காரர்.

அதில் பொய் இல்லை. கோட்டு தைக்கக் கொடுக்க வந்த அன்று நூலகர் தம் வயிற்றை அளக்கவே விடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, "இந்த ஆளுக்குத் தைக்கணும்" என்றார்.

"ஆளைக் கூட்டிட்டு வாங்க சார், அளந்துடலாம்."

"அவன் வரதுக்குக் கொஞ்சம் நாளாகும். நீங்க தைக்க ஆரம்பிங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

தையல்காரர் படத்தையும் எதிரில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒன்றாகத்தான் இருந்தது. மூக்குக்குக் கீழேதான் வழக்கு. கடைசியில் தோள்பட்டையை மட்டும் நேரில் அளந்துகொண்டு, மற்றதையெல்லாம் படத்தில் ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டார்.

"உள்ள துணி விட்டிருக்கேன். பக்கவாட்டுல பிரிச்சு விட்டுடட்டுமா?" என்றார் இப்போது.

"வேண்டாம். கோட்டு இப்படியே இருக்கட்டும். ஆளைச் சரி பண்ணிக்கறேன்."

"துணின்னா சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவேன். ஆளுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது சார்."

கோட்டைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு நூலகர் தெருவில் இறங்கினார். படம் சட்டைப் பையில் இருந்தது.

கல்யாணமான மறுவாரம் எடுத்த படம் அது. ஸ்டூடியோவிலேயே வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார்கள். அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானும் போட்டபடி, ஒரு சுருக்கம் இல்லாமல், உடம்போடு ஒட்டி நின்றது கோட்டு. பக்கத்தில் மனைவி. அவளுடைய ஒரு கை முன்னால் தெரியும். இன்னொரு கை படத்தில் விழவில்லை. அது அவர் முதுகில் இருந்தது.

அந்தக் கைதான் விஷயம். அன்றுவரை அவள் அவரிடம் பேசிய சொற்களை எண்ணிவிடலாம். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவள், வேற்று மனிதர் ஒருவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே கையை நீட்டி அவர் முதுகைத் தொட்டாள். சும்மா தொடவில்லை, அழுத்திப் பிடித்தாள். விளக்கு பளிச்சென்று மின்னி அணைகிறவரை எடுக்கவில்லை. அவருக்கு உடம்பே காற்றாகிவிட்டது. அவ்வளவு இலேசாக ஓர் உடுப்பை அதற்கு முன்பும் போட்டதில்லை, பின்பும் போட்டதில்லை.

இத்தனை வருஷத்தில் அந்தக் கையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பேச ஆரம்பித்தால் கூச்சம் வந்து தடுத்துவிடும். "அந்தக் கோட்டு எனக்குன்னே தைச்ச மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். விருந்தாளிகள் கோட்டின் பெருமையைக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இப்போது மகள் வேறு ஊரில் இருந்துகொண்டு ஓர் ஏற்பாடு செய்துவிட்டாள். "அதே ஸ்டூடியோ இன்னும் இருக்குப்பா. கல்யாண நாளைக்கு நீங்களும் அம்மாவும் போய் அதே மாதிரி நின்னு ஒரு படம் எடுத்துக்கறீங்க. சொல்லிட்டேன்."

அதே மாதிரி. அந்த வார்த்தை அவர் மனத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்தால் தேவலை. ஒருவரையொருவர் அட்டைமுதல் அட்டைவரை படித்து முடித்து அலமாரியில் திருப்பி வைத்துவிட்ட இரண்டு பேர் போல இருந்தார்கள். அவள் துணி மடிப்பாள், அவர் படிப்பார். கடிகாரம் மட்டும் பேசும். அவள் கை அவர்மேல் கடைசியாக எப்போது பட்டது என்று யோசித்துப் பார்த்தார். சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்தபோது. அதுவும் நூலுக்காக.

இந்த வயிற்றின்மேல் யாருக்குக் கை வைக்கத் தோன்றும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் அந்தக் கையும் வந்துவிடும்.

வேறொருவராக இருந்தால் பக்கத்து வீட்டில் யோசனை கேட்டிருப்பார். இவர் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவின் பொறுப்பாளர். உலகத்தில் எவர் இளைத்தாலும் பருத்தாலும் அந்தச் செய்தி கட்டுரையாகி அவர் மேஜைக்குத்தான் வரும். ஒரே ஒரு சங்கடம் உண்டு. பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாக பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். எது எப்போது திரும்பும் என்று பைண்டருக்கே தெரியாது. அதனால் ஒரு கட்டுரை அலமாரியில் இருக்கும். அதை மறுத்து எழுதிய கட்டுரை பைண்டிங்கில் இருக்கும்.

முதலில் கிடைத்த கட்டுரை உடற்பயிற்சியைப் பற்றியது. விறுவிறுவென்று நடந்தவர்கள் இளைத்தார்கள் என்று அது சொன்னது. நூலகர் மறுநாள் காலையே கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"நடக்க."

"நானும் வரட்டுமா? ரொம்ப நாளாச்சு நாம சேர்ந்து நடந்து."

"நீ வந்தா வேகம் குறைஞ்சுடும். மூச்சு வாங்கணும், பேசக் கூடாது. அப்பதான் பலன்."

அவள் செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தாள்.

அவர் நடந்தார். தெருமுனைவரை ஒரு மாணவனைப் போலவும், பூங்காவைச் சுற்றி ஒரு திருடனைப் போலவும், திரும்பும்போது ஒரு நோயாளியைப் போலவும் நடந்தார். திரும்புகிற வழியில் ஒரு ரொட்டிக் கடை இருந்தது. காலை நேரத்தில் அங்கே அடுப்பைத் திறப்பார்கள். இவ்வளவு நடந்திருக்கிறோமே, ஒரு பன் தின்றால் குடியா முழுகிவிடும் என்று உள்ளே போவார். குடி முழுகவில்லை. பன் ஒன்றோடு நிற்கவும் இல்லை.

நூலகத்துக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மேல் தட்டிலிருந்து எதை எடுப்பதானாலும், "அம்மா, அதைக் கொஞ்சம் எடுத்துடு" என்று உதவியாளரிடம் சொல்லிவிடுவார். உதவியாளருக்கு நூலகம் முழுவதும் 'ரேடியோ' என்றுதான் பெயர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே அவள் நாற்காலி. பலகை தோற்றுப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

சில வாரம் கழித்து எடை மெஷினில் ஏறிப் பார்த்தார். முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி நின்றது.

அன்று பார்த்து பைண்டிங்கிலிருந்து ஒரு கட்டு வந்தது. அதில் அந்த மறுப்புக் கட்டுரை இருந்தது. நடப்பது இதயத்துக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் அது தனியாக நின்று எடையைப் பெரிதாகக் குறைத்துவிடாது. நடக்கிறவர்கள் பலர் அந்தப் பசிக்குக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். மிச்ச நேரம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்தும்விடுகிறார்கள்.

அவர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ரேடியோ ஏணிமேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் போட்டிருக்கு?"

"நடந்தா மட்டும் இளைக்காதாம்."

"யார் சொன்னா? நீங்க நடக்க ஆரம்பிச்சதுலேருந்து நான்தான் சார் இந்த ஏணில ஏறி இறங்கறேன். பாருங்க, என் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. நடந்தது நீங்க, இளைச்சது நானு."

சரி, வாயைக் கட்டுவோம் என்று அடுத்த அலமாரிக்குப் போனார். அங்கே இரண்டு கோஷ்டி இருந்தது. கொழுப்பைக் குறை என்றது ஒன்று. மாவுச்சத்தைக் குறை என்றது இன்னொன்று. இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் பட்டம் பெற்றவர்கள். யாரையும் பகைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார்.

நாலாம் நாள் மனைவி கரண்டியோடு வந்து எதிரில் நின்றாள்.

"எண்ணெய் வேண்டாம்னீங்க, விட்டேன். வெண்ணெய் வேண்டாம்னீங்க, விட்டேன். அப்புறம் சோறு வேண்டாம், ரொட்டி வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம். இப்ப உங்க தட்டுல எதைத்தான் வைக்கறது? தட்டையேவா?"

"வெள்ளரிக்காய் இருக்குல்ல?"

"இருக்கு. அதை நறுக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் சமைக்கக் கத்துக்கிட்டேன்?"

"கோவிச்சுக்காதே. ஆராய்ச்சி அப்படித்தான் சொல்லுது."

"ஆராய்ச்சி பண்றவங்க வீட்டுல பெண்டாட்டி இருக்காளான்னு அதுல போட்டிருக்கா?"

அவர் வெள்ளரிக்காயைக் கடித்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. முன்பெல்லாம் அவள் புதிதாக எதையாவது செய்தால் அடுப்படியிலிருந்தே ஒரு துளி எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்து, உப்பு பார்க்கச் சொல்வாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே யோசிப்பார். "சொல்லுங்களேன்" என்று அவள் தோளை இடிப்பாள். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் போல, பார்க்கும்போதுதான் நின்றது தெரிகிறது.

வெள்ளரிக்காய் மத்தியானம்வரைக்கும் தாங்காது. நூலகத்தில் பிற்பகல் வெயில் ஜன்னலில் சாயும் நேரம் அவர் கண்ணுக்கு இதழ்களின் அட்டையெல்லாம் பிஸ்கட்டாகத் தெரிந்தது. எடைதான் அசையவில்லை.

"இவ்வளவு பத்தியம் இருந்தும் முள் நகரலியே" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். "காலையில வெள்ளரிக்காய். மத்தியானம் கீரை. வேற ஒண்ணையும் தொடறதில்ல."

"தொடறதில்லையா?" என்றாள் ரேடியோ.

"சத்தியமா."

"அப்ப என் டப்பால இருந்த முறுக்கு எங்க சார் போச்சு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற ஆள் அல்ல அவள்; நேராகவே போட்டு உடைத்துவிடுவாள். "வந்ததும் என் டப்பாலேருந்து பிஸ்கட். அப்புறம் தலைமை நூலகர் ரூம்ல கேக். பேராசிரியர் குடுத்த சாக்லேட். டீல சர்க்கரை வேண்டாம்னு சொல்லிட்டு, கொண்டுவந்தவன் திரும்பிப் போனதும் என் டேபிள்லேருந்து போட்டுக்கிட்டீங்க."

"அதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?"

"மீசையைத் துடைங்க சார். தூள் ஒட்டியிருக்கு."

அடுத்து வந்த கட்டில் அதற்கும் கட்டுரை இருந்தது. என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்துத்தான் சொல்கிறார்களாம். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. நிஜமாகவே அப்படித்தான் நினைவிருக்கிறதாம். நூலகர் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி செல்லாது என்று யாரோ தீர்ப்பு எழுதியதுபோல இருந்தது.

அதே கட்டில் இன்னொன்றும் இருந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களையும் மாவைக் குறைத்தவர்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வழியில் போனாலும் சரி, விடாமல் போகிறவர்தான் கொஞ்சமாவது சேருமிடம் சேர்கிறார்.

'இதைக் கல்யாணமான எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பானே' என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டு, வீம்பாக விடாமல் போனார்.

பிஸ்கட் டப்பாவைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினார். தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது என்று படித்ததால் விளக்கு வைத்ததும் படுக்கைக்குப் போனார். சாயங்காலம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் டீ குடிப்பது வழக்கம். பேச்சு இருக்காது. ஆனால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் புறா இறங்குவதை இருவரும் ஒன்றாகப் பார்ப்பார்கள். அதுவும் நின்றது. அவள் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்தது.

ஒருவழியாக உடம்பு இளைத்தது. ஆனால் இளைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு இல்லை என்பது எந்தக் கட்டுரையிலும் அவர் கண்ணில் படவில்லை. முதலில் கன்னம் போயிற்று. பிறகு கழுத்து. கண் உள்ளே போய்விட்டது. மோதிரம் விரலைவிட்டு நழுவியது. வயிறு மட்டும், குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கும் வீடு மாதிரி, இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் எடை குறைவதும் நின்றுவிட்டது. அதற்கும் விளக்கம் வந்தது: உடம்பு சிறுக்கச் சிறுக்கச் செலவையும் சுருக்கிக்கொள்கிறது.

"சார், மறைக்காதீங்க" என்றாள் ரேடியோ. குரலைத் தாழ்த்தியிருந்தாள். அவள் குரல் தாழ்ந்து அவர் கேட்டதே இல்லை. "டாக்டர் என்ன சொல்றாரு?"

"எந்த டாக்டர்?"

"சரி, சொல்ல வேண்டாம். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவள் மூச்சு விடவில்லை, பேசினாள். அன்று மத்தியானத்துக்குள் செய்தி எல்லா மாடிக்கும் போய்விட்டது. மருத்துவக் கல்லூரி ஆகையால் ஆளுக்கொரு வியாதியாகச் சொன்னார்கள். மாணவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் ஒருவர், புத்தகத்தைத் திருப்பித் தராமல் ஒரு வருஷமாகத் தண்ணீர் காட்டியவர், தாமாகவே கொண்டுவந்து வைத்து, "மனசுல எதையும் வச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மேஜைமேல் ஆப்பிளும் திராட்சையும் குவிந்தன. ஹார்லிக்ஸ் போல ஏதோ ஒரு சத்துமாவு டப்பாவும் இருந்தது. "நல்லா சாப்பிடுங்க, சார்" என்று ஒவ்வொருவரும் எதிரில் நின்று தின்னவைத்துவிட்டுத்தான் போனார்கள். சாகப்போகிறவர் மறுத்தால் மனம் நோவார்களே என்று அவரும் தின்றார்.

கல்யாண நாளுக்கு முந்தின நாள், அலுவலகம் விட்டு வீட்டுக்கு வந்தபோது, தலைமை நூலகர் பழக்கூடையைக் கொடுத்துவிட்டு வாசலில் இருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். இவரைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

உள்ளே மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"என்ன வியாதி?" என்றாள்.

"யாருக்கு?"

"கட்டினவளுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும். 'தைரியமா இருங்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போறாரு. அதனாலதான் என்னைக் கூட நடக்க வர வேண்டாம்னீங்களா? அதனாலதான் என் கையால சாப்பிடறதை விட்டீங்களா? சீக்கிரம் பழகிக்கட்டும்னு பால்கனில என்னைத் தனியா உட்கார வச்சீங்களா?"

அவள் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் தாம் செய்தவை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படித் தெரிந்திருக்கின்றன.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல. அந்தக் கோட்டுக்குள்ள நுழையணும்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

"எந்தக் கோட்டு?"

"நம்ம படத்துல இருக்கற மாதிரி ஒண்ணு தைக்கக் குடுத்தேன். அன்னிக்கு எவ்வளவு கச்சிதமா இருந்தது! எனக்குன்னே தைச்ச மாதிரி. நாளைக்கு அதே மாதிரி..."

கை என்று சொல்ல வாயெடுத்தார். வழக்கம்போல வார்த்தை கோட்டோடு நின்றுவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அந்தக் கோட்டா?"

"அதேதான்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். உதடு பிரிந்து மறுபடி மூடிக்கொண்டது. அழுகை நின்ற முகத்தில் வேறு எதுவோ வந்து போயிற்று. சிரிப்பா, பரிதாபமா என்று அவரால் பிடிக்க முடியவில்லை.

"அதுக்கா இவ்வளவு பட்டினி?" என்றாள் கடைசியில். எழுந்து போய் விளக்கைப் போட்டாள். தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே நெய் ஊற்றிக் கொண்டுவந்தாள். "முதல்ல இதைச் சாப்பிடுங்க. எந்த ஆராய்ச்சிக்காரன் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் சாப்பிட்டார். பாதியில் அவளும் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். கடிகாரம் பேசியது. அன்றைக்கு அதன் பேச்சு அவ்வளவு உறைக்கவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அதே படிக்கட்டு. மேலே எல்லாம் மாறியிருந்தது. திரைச்சீலை ஓவியம் இல்லை, குடை விளக்குகள் இருந்தன. படம் எடுத்தது ஸ்டூடியோக்காரரின் மகள். அவர்களை அன்று படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் இப்போது பெரியவராகி, சுவரோரமாக ஒரு நாற்காலியில், பக்கவாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகர் பழைய படத்தை அவரிடம் நீட்டினார். பெரியவர் அதை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்து, "நான் எடுத்ததுதான். நல்லா ஞாபகம் இருக்கு" என்று புன்னகை செய்தார்.

"அதே மாதிரி நிக்கணுமாம் அப்பா" என்றாள் பெரியவரின் மகள். "சார், கோட்டைப் போட்டுக்கங்க. அம்மா, இந்தப் பக்கம் வாங்க."

நூலகர் கோட்டுக்குள் கைகளை நுழைத்தார். மூச்சை இழுத்தார். முதல் பொத்தான் ஏறியது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதைத் துளைக்குள் தள்ளிவிட்டு, வெற்றியோடு நிமிர்ந்தார்.

"சிரிங்க சார்" என்றாள் மகள்.

சிரிப்பதற்குக் கொஞ்சம் மூச்சு தேவைப்பட்டது. நடுப்பொத்தான் துள்ளிப் போய் விளக்குக் கம்பத்தில் டிங் என்று மோதி, எங்கோ உருண்டது. மற்ற இரண்டும் அதன் வழியே போயின. கோட்டு இரண்டு பக்கமும் விலகி, வயிறு நடுவில் வந்து நின்றது.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

"அவன் வர மாட்டான்" என்றார் நூலகர், மெதுவாக, மனைவிக்கு மட்டும் கேட்கும்படி.

"யாரு?"

"அந்தப் படத்துல இருக்கறவன். கூட்டிட்டு வரணும்னு எவ்வளவோ பார்த்தேன்."

"வர வேண்டாம்" என்றாள் அவள். "நான் உங்ககூடதான் வந்தேன்."

அவர் காமிராவைப் பார்த்து நின்றார். கோட்டைச் சேர்த்துப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போது முதுகில், தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை வந்து பதிந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல் வந்தது. துணியைத் தாண்டி உள்ளங்கையின் சூடு தெரிந்தது. அன்று போலவே இருந்தது. அன்றைவிடவும் இதமாக இருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அசைந்தால் போய்விடுமோ என்று பயந்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருவரின் முதுகும் நன்றாகத் தெரிந்தது. அவர் உரக்கச் சொன்னார்:

"அம்மா, இன்னிக்கு எதுக்கு அங்க கையை வச்சுக்கிட்டு நிக்கறீங்க? அன்னிக்கு இவருக்கு மாட்டிவிட்டது, எந்த உடம்புக்கும் சேரணும்னு முதுகைக் கிழிச்சு வச்சிருந்த ஸ்டூடியோ கோட்டு. அது நழுவாம பின்னால இறுக்கிப் பிடிச்சுக்கங்கன்னு நான்தான் சொன்னேன். இது முதுகு உள்ள கோட்டுதானே!"